பத்துப் பேர் சேராத பள்ளி

நாகூர் என்ற பெயர் மலையகத்து முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. ஷாஹுல் ஹமீது நாயகம் பேரில் ஆக்கிய கந்தூரிச் சோறு தின்று வளர்ந்தவர்கள் ஹட்டனிலும் உண்டு, புசல்லாவையிலும் உண்டு. பினாங்குத் துறைமுக நகரான ஜார்ஜ் டவுனிலும் நாகூர் வீதி என்று ஒன்றிருக்கிறது. அங்கே 28ஆம் இலக்கக் கட்டடம் ஒரு காலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம் என்று அறிந்தபோது எனக்கு வியப்புத்தான்.

பக்தாத் வழி வந்த வியாபாரிகள் அவர்கள். அந்நகரில் அவர்களுடைய மையவாடியின் மிகப் பழைய கல்லறைக்கல் 1835ஆம் ஆண்டினது. தொழுகைக்கூடமோ 1929இல்தான் திறக்கப்பட்டது. 1976இல் மூடிவிட்டார்கள். ஐம்பது வருசம்கூட நிலைக்கவில்லை. பிறகு அதில் கடைகள் வந்தன.

யாரும் இடித்து, கொளுத்தி மூடியதல்ல. யூதர்களின் கூட்டுத் தொழுகைக்குப் பருவம் வந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். யுத்தத்தோடு பலர் சிங்கப்பூருக்கும் பிற நாடுகளுக்கும் போய்விட, பத்துப் பேர் தேறவில்லை. இதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஷாஃபி மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் கணக்கல்லவா? தோட்டப்புறத்துச் சின்னப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை ஆள் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பத்தின் கவலை நல்லாவே புரியும்.

மையவாடி இருக்கும் வீதிக்கு முன்பு யஹூதி வீதி என்றே பெயர். இப்போது அது ஜாலான் ஜைனல் ஆபிதீன். இந்தப் பெயர் மாற்றம் எனக்கு உடன்பாடில்லை. பாலஸ்தீனத்தில் நடக்கும் அநியாயத்துக்கு பினாங்கில் அடங்கிக் கிடக்கும் மையித்துகளா பொறுப்பு?

நம் மலையிலும் அப்படியொரு பெயர் உண்டு. 1840களில் கோப்பி போட வந்த மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள், தாய்வழியில் ரொத்ஸ்சைல்ட் என்ற யூதக் குடும்பத்தவர்கள். புசல்லாவைத் தோட்டத்துக்கு அந்தக் குடும்பப் பெயரையே வைத்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போடுவதற்கு முன்பே, சீனத்துத் தேயிலைச் செடிகள் இங்கே நடப்பட்டன. 1865இல் விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டம் இன்றும் ரொத்ஸ்சைல்ட்தான். கொழுந்து பறிக்கும் நம்ம பெண்கள் வாயில் தினமும் புழங்கும் அது யூதப் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பினாங்கின் கடைசி யூதர் என்று சொல்லப்பட்ட டேவிட் மொர்தெகாய் 2011இல் காலமானார். அந்த மையவாடியிலேயே அடக்கம் செய்தார்கள்.