திண்டிவனம் – விழுப்புரம்: வான்வழித் தூரம் எவ்வளவு?

"திண்டிவனத்தில் புறப்படும் விமானம் விழுப்புரத்தை எத்தனை நிமிடத்தில் அடையும், சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் கிடையாது, பக்கத்திலிருப்பது புதுச்சேரியில்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

இரயில் பாதையில் இவ்வூர்களுக்கு இடையே 37 கிலோ மீட்டர். நேர்க்கோட்டில் சுமார் 36 கிலோ மீட்டர். வயலும் ஏரியும் குறுக்கிடும் அந்த நேர்க்கோட்டில் யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பின் எப்படித் தெரிந்தது?

1802-ஆம் ஆண்டுக்குப் போவோம். ரைட் சகோதரர்களின் விமானம் பறக்க இன்னும் 101 ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அவரிடம் இருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. அதை ஏறத்தாழ 400 முறை கிடத்த வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளுமல்லவா? வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அச்சங்கிலி சுமார் மூன்றில் ஒரு மில்லி மீட்டர் நீளும். 400 முறையில் பிழை 13 சென்டி மீட்டராகிவிடும். ஆகவே வெப்பமானிகளை வைத்துத் திருத்தம் செய்தார்கள்.

இதற்குப் பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். லாம்டன் தியோடலைட் கருவியால் கோணங்களை அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கே கடலூர் வட்டாரம் வரை வந்தார். நம் பகுதி இந்த வலைக்குள் அடங்கியது.

இதில் ஓர் இடையூறு உண்டு. பூமி உருண்டை. 36 கிலோ மீட்டர் இடைவெளியில் நடுவே அதன் புடைப்பு சுமார் 25 மீட்டர்! தரையில் நின்று பார்த்தால் அடுத்த நிலையம் தெரியாது. அதனால் குன்றுகளில் ஏறினார்கள். குன்றில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரங்கள் உழைத்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்தப் பாரத்தைச் சுமந்து மேலேற்றிய கூலியாட்களின் பெயர்களை நாம் அறியோம்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் 36 கிலோ மீட்டரைக் கடக்க 7 நிமிடம் 12 விநாடி. ஆனால் விமானம் ஓடுபாதையில் ஓடி, எழும்பி, உயர்ந்து, திசை திரும்பி, மீண்டும் இறங்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்ததன்று. குறைந்த தூரத்தில் அதுவே பறக்கும் நேரத்தை விஞ்சிவிடும். எனவே இத்தகைய பயணத்துக்கு இரயிலே ஏற்றது.

உங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தை நிலப்படத்தில் அளந்து, பேருந்துத் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் படத்தின் அடியில் சென்னையில் கிடத்திய ஒரு சங்கிலி இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.