மா புளிக்கிற நேரம் யாருடைய நேரம்?

பீட்சா என்றதும் நாங்கள் எல்லாரும் மேலே போடுகிறதைப் பற்றித்தான் கதைக்கிறோம். சீஸ் காணுமா, அன்னாசி போடலாமா கூடாதா என்று சண்டை வேறு. அடியில் கிடக்கிற மாவைப் பற்றி ஆரும் வாய் திறக்கிறதில்லை. நாளைக்குச் சுட வேண்டிய பீட்சாவுக்கு இன்றைக்கே மா குழைத்து பிரிட்ஜில் வைக்கிறது இப்ப பல வீடுகளில் சாதாரணப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. நித்திரை முழித்த மனிதர்களின் கதை அது.

முதலில் மாவின் கணக்கைப் பார்ப்போம். நாப்போலி பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் ஒரு செய்முறையைச் சட்டமாகப் பதிவு செய்தது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1.8 கிலோ கோதுமை மா, 50 முதல் 55 கிராம் வரை உப்பு, ஈஸ்ட் வெறும் 3 கிராம். குழைத்த மாவை 2 மணித்தியாலம் மூடி வைக்க வேண்டும். பிறகு 180 முதல் 250 கிராம் வரையான உருண்டைகளாகப் பிரித்து, இன்னும் 4 முதல் 6 மணித்தியாலம் பொங்க விட வேண்டும். அடுப்புக்குள் பீட்சா இருக்கிறது ஒன்றரை நிமிசம் வரைதான்! ஒன்றரை நிமிசச் சாப்பாட்டுக்கு அரை நாள் காவல். அந்த அரை நாளை ஆர் கொடுத்தது?

19ஆம் நூற்றாண்டு நாப்போலிக்குப் போவோம். அங்கே பழைய மாவில் ஒரு துண்டை எடுத்து வைத்துத்தான் அடுத்த மாவைப் புளிக்க வைத்தார்கள். அதற்கு அந்த ஊர்ப் பேச்சில் ‘கிரிஷீத்தோ’ என்று பெயர். எங்கள் அம்மம்மாக்கள் அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாதிரித்தான். அது எழும்ப எழும்பக் காத்திருக்க வேண்டும், விட்டால் புளித்துப் போகும்.

மதில்தே செராவோ என்ற பத்திரிகையாளர் 1884 இல், நாப்போலியைக் கொலரா உலுக்கிய காலத்தில், அந்த நகரத்து ஏழைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் பீட்சாக்காரரும் வருகிறார். கடைக்காரர் இரவிரவாக ஏராளம் பீட்சா சுடுகிறார். விடிய அவை சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒரு சல்லிக்கு ஒரு துண்டு என்று விற்க ஒரு வேலைக்காரப் பொடியனிடம் போகின்றன. பொடியன் தெரு மூலையில் கிட்டத்தட்ட நாள் முழுக்க நிற்கிறான். துண்டுகள் குளிரில் விறைக்கின்றன, வெயிலில் மஞ்சளாகின்றன, ஈ மொய்க்கின்றது. இன்றைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற பெருமைக்குரிய கலை இது, 2017 இல் சேர்த்தார்கள். அந்தக் கலையின் பழைய முகம் கடைக்காரரின் இரவும் பொடியனின் பகலும்தான்.

நாப்போலியில் மட்டும் இல்லை, ஐரோப்பாவில் மா குழைத்த இடமெல்லாம் இதே நிலைதான். லண்டன் வெதுப்பகத் தொழிலாளரைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். அரசாங்க விசாரணை அறிக்கைகளை வைத்து எழுதிய பகுதி அது. இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கும். மா குழைத்து முடிந்ததும், அது பொங்குகிற நேரத்துக்குள் தொழிலாளி அதே குழைக்கிற பலகையில் ஒரு மாச்சாக்கை விரித்து, இன்னொன்றைத் தலைக்கு வைத்து, இரண்டு மணித்தியாலம் கண்ணயருவார். பிறகு விடியும் வரைக்கும் ஓயாத வேலை. மா பொங்குகிற நேரம்தான் அவருக்குக் கிடைத்த நித்திரை. அவருடைய உடம்பின் மணிக்கூட்டை மாவே ஓட்டியது.

இதை எதிர்த்துச் சனம் சும்மா இருக்கவில்லை. பிரித்தானியாவில் 1863 ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வெதுப்பகத்தில் வேலை வாங்கக்கூடாது என்றது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 1895 இல், வெதுப்பகத் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணித்தியாலம், கிழமைக்கு 60 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. ஜோசப் லொக்னர் என்ற வெதுப்பக முதலாளி வழக்குக்குப் போனார். 1905 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த எல்லையைச் செல்லாது என்று தள்ளியது. விரும்பின அளவு நேரம் உழைக்க ஒப்பந்தம் செய்வது தொழிலாளியின் ‘சுதந்திரம்’ என்றார்கள். ஆருக்கு வாய்த்த சுதந்திரம் என்று நீங்களே யோசியுங்கோ.

இத்தாலி 1908 இலும் பிரான்ஸ் 1919 இலும் வெதுப்பகங்களில் இரவு வேலையைத் தடுத்துச் சட்டம் கொண்டு வந்தன. 1925 இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது, அதன் 20ஆவது சமவாயம். தொழிலாளி மட்டுமில்லை, முதலாளியும் இரவில் பாண் போடக்கூடாது என்றது அது. முதலாளி தானே குழைக்கத் தொடங்கினால் போட்டிக்குப் பக்கத்துக் கடையும் திறக்கும் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. ஆனா ஒரு விலக்கும் வைத்தார்கள். ஒரே வீட்டில் உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டுக்குச் செய்கிறது இந்தத் தடைக்குள் வராது. அரசாங்கம் வீட்டு அடுப்படிக்குள் வந்து எட்டிப் பார்க்கத் தேவையில்லைதான், சரி. ஆனா அடுப்படியில் இரவு முழிக்கிற பெண்ணின் நேரத்தை அளக்க அன்றைக்கும் ஒரு சட்டம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சட்டம் ஒரு பக்கம் நடக்க, மாவைக் கட்டுப்படுத்துகிற தொழில்நுட்பமும் வந்தது. முதலில் அழுத்திய ஈஸ்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாங்கள் ‘மதுவம்’ என்று படித்தது இதைத்தான். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ப்ளைஷ்மன் சகோதரர்கள் 1868 இல் இதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். நாள்க்கணக்கில் புளித்த மாவைப் பேணத் தேவையில்லாமல் போனது, மா கெதியாகப் பொங்கியது. ஆனா விடியச் சூடாகப் பாண் வேணும் என்று சனம் கேட்கும் வரைக்கும் இரவு வேலை போகவில்லை.

உண்மையான மாற்றம் குளிரோடு வந்தது. 4 பாகை செல்சியஸ் அளவில் ஈஸ்ட் செத்துப் போகாது, மிக மிக மெதுவாக வேலை செய்யும். அதே நேரம் மாவிலுள்ள நொதியங்கள் மாப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியாக உடைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு நாள் குளிரில் கிடந்த மா சுடும்போது நல்லாய்ச் சிவக்கிறது, மணமும் கூட. பலகையில் படுத்திருந்த தொழிலாளி செய்த காவலை இப்ப ஒரு பெட்டி செய்கிறது. பகலில் குழைத்து எப்ப வேணுமோ அப்ப சுடலாம்.

அப்ப இரவு வேலை ஒழிந்திருக்க வேணுமே? ஒழியவில்லை. பெரிய பீட்சா நிறுவனங்கள் ஒரே இடத்தில் மாவை மொத்தமாகக் குழைத்து, உருண்டை பிடித்து, குளிரில் வைத்துக் கிளைகளுக்கு லொறியில் அனுப்புகின்றன. பீட்சா நடுச்சாமத்திலும் கிடைக்கிறது, அதற்கு ஆள் நடுச்சாமத்திலும் நிற்க வேணும். பிரித்தானியா 1954 இல் வெதுப்பக இரவு வேலையைக் கட்டுப்படுத்திப் போட்ட சட்டத்தை 1986 இல் நீக்கியது. நேரத்தை மிச்சம் பிடிக்கிற இயந்திரம் வந்தால் மிச்சம் தானாகத் தொழிலாளிக்குப் போய்ச் சேராது. கேட்டு வாங்கினால்தான் உண்டு.

வீட்டுக்குள் கதை கொஞ்சம் வேறை. 2006 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில், ஜிம் லேஹி என்ற வெதுப்பகக்காரரின் குழைக்கத் தேவையில்லாத பாண் முறையை மார்க் பிட்மன் எழுதினார். ஈஸ்ட் ஒரு சொட்டு, நேரம் நிறைய, கைவேலை இல்லை என்கிற அளவு. அடுத்த வருசம், குழைத்த மாவை இரண்டு கிழமை வரை பிரிட்ஜில் வைத்து வேண்டிய நேரம் எடுத்துச் சுடுகிற முறையோடு ஒரு புத்தகமும் வந்து பிரபலமானது. வேலைக்குப் போய் வருகிற ஆக்களுக்கு இது பெரிய விஷயம். பொழுதுபட வீட்டுக்கு வந்து மா குழைத்து மூன்று மணித்தியாலம் காவல் இருக்க ஆருக்கு ஏலும்?

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் அளவு இது. கோதுமை மா 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 325 மில்லிலீற்றர், உப்பு 10 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 1 கிராம், அதாவது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட. எங்கள் ஊர்ச் சூட்டில் அதற்கு மேல் ஈஸ்ட் தேவையில்லை. குழைத்து ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கோ. நான்கு உருண்டையாக்கி, எண்ணெய் தடவிய மூடிப் பெட்டிகளில், பொங்க இடம் விட்டு பிரிட்ஜில் வையுங்கோ. அடுத்த நாள் தொடக்கம் மூன்றாம் நாள் வரை சுடலாம். சுட ஒரு மணித்தியாலம் முதல் வெளியே எடுத்து வைத்தால்தான் மா இழுபடும். அதற்கு மேல் வைக்க வேணுமென்றால் பிரீசரில் ஒரு மாதம். பனிக்கட்டி ஈஸ்டில் ஒரு பங்கைக் கொன்றுவிடும் என்பதால் பொங்கல் கொஞ்சம் குறையும்.

ஆனா இந்தச் சுகம் முழுக்க ஒரு வயரில் தொங்குகிறது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களை நாங்கள் மறக்கவில்லை. பிரிட்ஜ் நின்றால் மா திரும்பவும் தன் பழைய மணிக்கூட்டுக்குப் போய்விடும், மனிதரும் அதோடு போக வேண்டியதுதான். குளிர் இருக்கிற வீட்டுக்கு நேரம் இருக்கிறது, இல்லாத வீட்டுக்கு இரவு வேலை இருக்கிறது.

விடிய ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற சூன் பாண் ஓட்டோவை மறித்து நாங்கள் மாலுபாண் வாங்குகிறோம். கை சுடுகிற பாணை ஆரோ இரவு நித்திரை முழித்துத்தான் போட்டிருக்கிறார். அவருக்கு எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, இரவு வேலைக்கு மேலதிகமாக என்ன கிடைக்கிறது, மா பொங்குகிற நேரம் அவர் எங்கே படுக்கிறார்? இந்த மூன்று கேள்வியையும் எங்கள் ஊர் வெதுப்பகங்களில் கேட்டு எழுத ஆர் வாறீங்கள்?