மடங்கிய விரல்கள் நிமிர்ந்த வரலாறு

சைதாப்பேட்டை என்றதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது சின்னமலையே. காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற திருத்தூதர் தோமா அங்குள்ள குகையில் தங்கியிருந்தார் என்பது நம் மரபு. அதே சைதாப்பேட்டைக்குக் காயங்களைத் தொட்ட வேறொரு வரலாறும் உண்டு. தொழுநோய் கண்ட சிறுவர்களுக்கான வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவ நிலையம் அங்கே இயங்கி வந்தது. 1955-ஆம் ஆண்டில் நடுவண் அரசு அந்நிலையத்தையும், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் நிறுவப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது.

குழந்தைப் பருவத்திலேயே நோயைக் கண்டறிந்தால் ஊனத்தைத் தடுக்கலாம். ஆனால் காலந்தாழ்ந்து, விரல்கள் மடங்கிப் பருந்தின் நகம்போல் வளைந்துவிட்டவர்களுக்கு என்ன வழி? 1947-ஆம் ஆண்டுவரை இக்கேள்விக்கு மருத்துவ உலகம் பெரும்பாலும் மௌனமே சாதித்தது. தொழுநோயாளியின் சதை அழுகி உதிரும் இயல்புடையது, அதில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்பதே அன்றைய எண்ணம்.

அந்த ஆண்டில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பியல் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் செங்கற்பட்டுக்கு வந்தார். அவர் நம் மண்ணில் பிறந்தவர். 1914-இல் கொல்லிமலையில், அங்குப் பணியாற்றிய ஆங்கில நற்செய்திப் பணியாளர்களின் மகனாகப் பிறந்து, இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூருக்குத் திரும்பியிருந்தார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அவருக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். வளைந்த விரல்களுடன் நின்ற ஒரு நோயாளியிடம், தம் கையை இயன்றவரை இறுகப் பற்றுமாறு பிராண்ட் கேட்டார். செயலற்ற கை என எண்ணியவருக்கு வலி தாங்கவில்லை. அத்துணை வலிமையாக இருந்தது அந்தப் பிடி.

அந்த ஒரு பிடியில் ஓர் உண்மை விளங்கிற்று. அந்தக் கை செத்துவிடவில்லை. தொழுநோய்க் கிருமி, தோலுக்கு அருகில் குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகளையே பெரிதும் தாக்குகிறது. முழங்கையருகிலும் மணிக்கட்டிலும் நரம்பு பழுதுறும்போது உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகள் பலவும் நலமாகவே இருக்கின்றன. அப்படியாயின், நலமாயுள்ள தசையிடம் இரவல் வாங்கி, இழந்த வேலையைச் செய்விக்கலாம் அல்லவா?

1948 முதல் வேலூரில் அம்முயற்சி தொடங்கியது. தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றைத் தசைநாண் என்கிறோம். பெருவிரல் நீங்கலாக, ஒவ்வொரு விரலையும் மடக்க இரு தசைநாண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை ஒரு விரலிலிருந்து விடுவித்து, கீற்றுகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியே செலுத்தி, விரல்களின் பின்புறம் பொருத்தித் தைத்தார்கள். பின்னாளில் மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றைப் பயன்படுத்தி, அதன் நீளம் போதாதபோது காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் நீட்டினார்கள். தொங்கிப்போன பாதத்தை நிமிர்த்தவும் இம்முறையே உதவியது. சரிந்த மூக்கினுள் உடலின் வேறிடத்து எலும்புத் துண்டை வைத்து முகத்தைச் சீரமைத்தார்கள். புண்களும் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறின.

அறுவையோடு வேலை முடிவதில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்த கைக்கு, கட்டு பிரித்தபின் பாடம் தொடங்கும். விரலை மடக்கிப் பழகிய தசை இப்போது வேறு வேலையைக் கற்கவேண்டும். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுசெல்ல மீண்டும் பயிலவேண்டும். எனவே அறுவை மருத்துவருக்கு நிகரான இடம் உடற்பயிற்சி மருத்துவருக்கும் உண்டு. 1954-இல் விபத்தொன்றில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்ததையும் இங்கு நன்றியோடு நினைவுகூர்கிறோம். பின்னர் அவர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆயினும் இரவல் தசைநாணால் தரமுடியாத ஒன்று உண்டு. அதுதான் வலி. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. சூடும் கூர்மையும் உணராத கையில் ஏற்படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதைப் பிராண்ட் பொறுமையாக ஆராய்ந்து காட்டினார். இரவில் உறங்குவோரின் விரல்களை எலி கடித்தும் அவர்கள் விழிக்காததைக் கண்டு, வீட்டில் பூனை வளர்க்கச் சொன்னார்கள். மொலோக்காய் தீவின் புனித தமியானும் 1884-இல் கொதிநீரில் கால் வைத்தபோது சூடு உணராததைக் கொண்டே தமக்கு நோய் கண்டதை அறிந்தார். வலியை நீக்குமாறு மன்றாடும் நாம், வலியும் ஒரு காவலன் என்பதைச் சிந்திப்பதுண்டா?

மற்றொன்றையும் எந்தக் கத்தியாலும் தரமுடியவில்லை. கை நிமிர்ந்து வேலூரை விட்டுச் சென்ற ஒருவர், சில காலங்கழித்துத் திரும்பி வந்தார். இந்தக் கைகள் பிச்சையெடுக்க உதவாதவை என்றார். வளைந்த கைக்கு இரங்கியவர்கள் நிமிர்ந்த கைக்குக் காசு போடவில்லை; தழும்பைக் கண்டவர்கள் வேலையும் கொடுக்கவில்லை. மருத்துவர்கள் எலும்பையும் தசைநாணையும் சீராக்கினார்கள். அக்கைக்குப் பணி தருவது ஊராரின் பொறுப்பாயிற்று, ஊரார் தவறினர். அதன்பின் வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பில் தச்சு வேலை முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன.

சட்டமும் மெல்லவே மாறியது. தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய விதிகள் 2019-இல்தான் அகன்றன. இன்றும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது; முற்றிலும் குணமாகிறது. உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்லவும், குணமானவரைத் தயக்கமின்றி வேலைக்கு அமர்த்தவும் நம் இல்லங்களிலும் பங்குகளிலும் எடுத்துரைப்போம். செங்கற்பட்டில் அன்று ஒரு மருத்துவர் தம் கையை நீட்டினார். அவ்வாறு நீட்ட நமக்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை.