கத்தி தீட்ட எந்தக் கல் வாங்கலாம்?

எங்க திருப்பாச்சூர் சாமிக்குப் பேரே ஒரு கருவியாலதான். மூங்கில் காட்டுல வேடர்கள் வாச்சியால தோண்டினப்போ லிங்கத்து மேல பட்டுச்சு, அந்தத் தழும்பு இன்னும் இருக்குன்னு தலபுராணம் சொல்லுது. அதனாலதான் வாசீஸ்வரர்.

கூரான கருவிக்கும் நம்ம பக்கத்துக்கும் உறவு அதைவிட ரொம்பப் பழசு. பூண்டி ஏரியைத் தாண்டி இருக்கிற அத்திரம்பாக்கத்துல 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அங்க கிடைச்சதுல பழசுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011-ல வந்த ஆய்வு சொல்லுது. அந்தக் காலத்து மனுஷங்க எதையும் தீட்டல. கல்லைக் கல்லால தட்டிச் சில்லு எடுத்தா புதுக் கூர் வந்துடும். தேய்ச்சுக் கூராக்குற வழக்கம் நம்ம நாட்டுல புதிய கற்காலத்துலதான் பரவுச்சு. இரும்பு வந்த பிறகு தீட்டாம வேலையே ஓடல.

இரும்பைத் தேய்க்க அதைவிடக் கடினமான கல் வேணும். நம்ம சேலம் பக்கம் கிடைக்கிற குருந்தக்கல் அப்படிப்பட்டது. வைரத்துக்குக் கடினம் 10-ன்னா இதுக்கு 9. இதைப் பொடிச்சு அரக்குல குழைச்சு வட்டமா வார்த்ததுதான் பழைய சாணை. வெள்ளைக்காரர் 'கொரண்டம்'னு சொல்றது நம்ம குருந்தம்ங்கற சொல்லைத்தான்.

1891-ல அமெரிக்காவுல அச்சிசன் மின் உலையில சிலிக்கான் கார்பைடு செஞ்சு, 'கார்போரண்டம்'னு பேர் வச்சார். பாருங்க, அதுக்குள்ளேயும் குருந்தம் ஒளிஞ்சிருக்கு! 1954-ல தொடங்கின கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி திருவொற்றியூர்லயே சாணைக்கல் செய்ய ஆரம்பிச்சுது. ஊரை விட்டுப் போன சொல்லு, ஆலையா திரும்பி வந்துச்சு.

இப்போ சாணைக்காரர் சைக்கிள் தெருவுக்கு வர்றது அபூர்வம். கத்தி மழுங்கினா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறோம். இல்லேன்னா இழுத்து எடுக்குற பிளாஸ்டிக் சாமான் வாங்குறோம். அது சீக்கிரம் கூராக்கும், ஆனா இரும்பைத் தின்னுடும்.

என் யோசனை இதுதான்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு இருக்குற கல்லா வாங்குங்க. எண் போட்டிருந்தா, சின்ன எண் சொரசொரப்பு, பெரிய எண் நைசு. கல்லைத் தண்ணில நனைச்சு, கத்தி முதுகுக்கடியில சுண்டுவிரல் நுனி நுழையுற அளவுக்குத் தூக்கிப் பிடிச்சுத் தேய்க்கணும். மறுபக்கம் பிசிறு தட்டுப்பட்டா திருப்பித் தேய்ங்க. கடைசியா நைசுப் பக்கம். பன்னரிவாளை மட்டும் இதுல வைக்காதீங்க, பல்லு போயிடும். அதுக்குக் கொல்லர் பட்டறைதான்.

சாணைக்காரர் உங்க தெருவுக்கு வந்தா, வீட்டுல இருக்குற எல்லாக் கத்தியையும் எடுத்துக் கொடுங்க. அந்தக் கைவேலை நின்னுட்டா நமக்குத்தான் நஷ்டம்.