எட்சால், ஜான் டைல்ஸ்டன் (1902–2002)

அமெரிக்க உயிர்ரசாயன அறிஞர். புரதங்களைப் பௌதிக முறைகளால் அளந்து ஆராயும் துறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். அத்துறையின் சரித்திரத்துக்கு ஆதாரமான கடிதங்களும் குறிப்பேடுகளும் அழிந்துபோகாமல் காக்கப்பட வேண்டுமென்று முதுமையில் பாடுபட்டவர்.

இளமையும் கல்வியும்

1902 நவம்பர் 3-ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் டேவிட் லின் எட்சால் புகழ்பெற்ற வைத்தியர். 1918 முதல் 1935 வரை ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர். ஹார்வர்டில் 1923-இல் பட்டம் பெற்ற மகன், அங்கே மாணவராயிருந்த காலத்தில் ராபர்ட் ஓப்பன்ஹைமரோடும் ஜெப்ரீஸ் வைமனோடும் பூண்ட நட்பை வாழ்நாள் முழுவதும் போற்றினார். பின்னர் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் இரண்டாண்டுகள் பிரடெரிக் கௌலண்டு ஹாப்கின்ஸின் ஆய்வுச்சாலையில் பயின்று, தாயகம் திரும்பி, 1928-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆயினும் நோயாளிகளை நாடிச் செல்லாமல், எட்வின் கோன் என்பவர் வைத்தியக் கல்லூரியில் நடத்திவந்த பௌதிக ரசாயன ஆய்வுச்சாலையையே தம் தொழிற்களமாகக் கொண்டார்.

தசைப் புரத ஆராய்ச்சி

தசையின் இயக்கத்துக்குக் காரணமான மயோசின் என்னும் புரதத்தைப் பற்றி, ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் வான் முரால்ட்டுடன் சேர்ந்து 1930-இல் எட்சால் வெளியிட்ட கட்டுரைகள் அவருக்கு முதற்புகழைத் தந்தன. அவர்கள் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் ஒருங்கே வாய்ந்தது. ஒன்றனுள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளின் இடைவெளியில் புரதக் கரைசலை நிரப்பி, ஒளி புகாதபடி குறுக்காக அமைத்த இரண்டு தளவிளைவுப் படிகங்களின் வழியே நோக்கினால், கரைசல் அசைவற்றிருக்கும்வரை எங்கும் இருளே காணப்படும். ஓர் உருளையைச் சுழற்றியதும் அவ்விடைவெளி ஒளி வளையமாகி, அதன் நடுவே ஒரு கருஞ்சிலுவை தோன்றும். ஆற்றொழுக்கில் மிதந்துவரும் மூங்கிற்கழிகள் நீரோட்டத்தின் போக்கிலே திரும்பி நிற்பதுபோல, நீண்ட மூலக்கூறுகள் ஓட்டத்தின் வசப்பட்டு வரிசைப்படுவதே இதன் காரணம். இவ்வாறு, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருள் நீண்ட கோல் வடிவினது என்பது, ஒளியைக் கொண்டே தெளிவாயிற்று. அன்று மயோசின் எனக் கருதப்பட்டதில் ஆக்டின் என்னும் வேறொரு புரதமும் கலந்திருந்தது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் வெளியாயிற்று.

இராமன் விளைவும் அமினோ அமிலங்களும்

1928-இல் கல்கத்தாவில் சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவை அமினோ அமில ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் எட்சாலும் ஒருவர். நடுநிலையான கரைசலில் அமினோ அமிலம் மின்னூட்டமற்ற மூலக்கூறாக இருக்கிறதா, அல்லது ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் தாங்கிய இருமுனை அயனியாக இருக்கிறதா என்பது அக்காலத்து விவாதம். மின்னூட்டம் பெறாத கார்பாக்சில் தொகுதிக்கு உரிய நிறமாலைக் கோடு நடுநிலைக் கரைசலில் தோன்றாமல், அமிலம் சேர்த்த பின்னரே தோன்றியது. ஆகவே, இருமுனை அயனி என்ற கொள்கை நேரான சாட்சியத்தால் வலுப்பெற்றது. இத்தகைய சோதனைகளின் பயனையெல்லாம் திரட்டி, புரதங்களையும் அமினோ அமிலங்களையும் அயனிகளாகக் கருதி ஆராயும் பெருநூல் ஒன்றைக் கோனும் எட்சாலும் 1943-இல் வெளியிட்டனர்.

யுத்தகாலப் பணி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, குளிர்ந்த எத்தில் ஆல்கஹாலைக் கொண்டு இரத்தத்தின் பிளாஸ்மாவிலுள்ள புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையைக் கோனின் குழுவினர் வகுத்தனர். காயமுற்ற வீரர்களின் அதிர்ச்சி நிலைக்கு அவர்கள் பிரித்த ஆல்புமின் மருந்தாயிற்று. இரத்தம் உறைதற்குரிய பைபிரினோஜன், திராம்பின் ஆகியவற்றை ஆராய்ந்த எட்சால் முதலியோர், பைபிரினை நுரைப்பொருளாகவும் மெல்லிய படலமாகவும் ஆக்கும் வழியைக் கண்டனர். மூளை அறுவையில் கசியும் இரத்தத்தைத் தடுக்க நுரையும், மூளையுறை பழுதுபட்ட இடத்தை மூடப் படலமும் உதவின.

ஆசிரியரும் நூலாசிரியரும்

1944-இல் தொடங்கிய புரத ரசாயன முன்னேற்றங்கள் என்னும் ஆண்டுத் தொகுதியை எம். எல். ஆன்சனுடன் நிறுவினார். 1958 முதல் 1967 வரை உயிர்ரசாயன சஞ்சிகை என்னும் அமெரிக்கப் பத்திரிகையின் தலைமை ஆசிரியராயிருந்தார். வைமனோடு சேர்ந்து எழுதிய உயிர்ப்பௌதிக ரசாயனம் என்ற நூல் 1958-இல் வெளியாகித் தலைமுறைதோறும் மாணவர்க்குப் பாடமாயிற்று. தேசிய விஞ்ஞானக் கழகம் 1951-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1972-இல் வில்லர்டு கிப்ஸ் பதக்கம் கிடைத்தது.

விஞ்ஞானச் சுதந்திரம்

தேசபக்தியில் ஐயம் எழுந்தது என்பதையே காரணமாக்கி, விசாரணையும் விளக்கமும் இல்லாமல், இரகசியமற்ற ஆராய்ச்சிகளுக்கும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மானியத்தை மறுத்துவந்த காலத்தில், தாம் எவ்வித ஐயத்துக்கும் ஆளாகாதிருந்தும், அவ்வழக்கம் நீடிக்கும்வரை அத்துறையின் மானியத்தைத் தாம் ஏற்பதில்லை என்று 1955-இல் சயன்ஸ் இதழில் எழுதி அறிவித்தார். லைனஸ் பாலிங் போன்றோர் அம்மறுப்பால் பாதிக்கப்பட்டவர்கள். புரதத்தைப் பற்றிக் கூறுவதாயினும் மனிதரைப் பற்றிக் கூறுவதாயினும், சாட்சியமில்லாத முடிவை ஏற்கலாகாது என்பதே அவர் கொள்கை. அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்துக்காக அவர் 1975-இல் தயாரித்த, விஞ்ஞானச் சுதந்திரமும் பொறுப்பும் பற்றிய அறிக்கையும் இக்கொள்கையின் விரிவே ஆகும்.

ஆவணங்கள்

1973-இல் ஓய்வுபெற்ற பின், எட்சாலின் கவனம் தம் துறையின் சரித்திரத்தின்மேல் சென்றது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சேறுவது முடிந்த முடிவேயன்றி, அம்முடிவை நோக்கிச் சென்ற தடுமாற்றமும், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்பட்ட ஐயமும், பிழையான சோதனையின் பதிவும் அச்சில் வருவதில்லை. அவற்றைத் தாங்கிய தாள்களோ, ஒருவர் ஓய்வுபெற்று அறையைக் காலிசெய்யும் நாளில் குப்பையோடு போய்விடக் கூடியவை. ஆதலால், அமெரிக்கக் கலை விஞ்ஞானக் கழகமும் அமெரிக்கத் தத்துவச் சங்கமும் ஆதரித்த ஒரு பெரிய தேடுதலில் அவர் முன்நின்று உழைத்தார். எந்த அறிஞரின் தாள்கள் எந்த நூலகத்தில் உள்ளன என்று தேடித் தொகுத்த உயிர்ரசாயன, மூலக்கூற்று உயிரியல் ஆவணக் கையேட்டை, டேவிட் பேர்மனும் எட்சாலும் 1980-இல் பதிப்பித்தனர்.

எட்சால் 2002 ஜூன் 12-ஆம் நாள், நூறாண்டு நிறையச் சில மாதங்களே இருக்கையில் காலமானார். பிறர் தாள்களைத் தேடிக் காத்த அவருடைய தாள்களும் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஆவணக்காப்பகத்தில் இன்று வைத்துக் காக்கப்படுகின்றன.