புயலும் ஓர் இரும்புத் துண்டும்

வீடு கட்டும் கலை தோன்றிய நாள் தொட்டு மனிதன் பெரிதும் அஞ்சிவந்தது பாரத்துக்கே. கூரையின் பாரம் சுவரில் இறங்க வேண்டும். தளத்தின் பாரம் உத்தரத்தில் இறங்க வேண்டும். யாவும் அடித்தளத்தின் வழியாக மண்ணை அடைய வேண்டும். மாளிகையாயினும் குடிசையாயினும் கட்டுவோன் போட்ட கணக்கு இதுவே. ஆனால் பெரும்புயல் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. அது வீட்டைக் கீழ்நோக்கி அழுத்துவதில்லை, மேல்நோக்கித் தூக்குகிறது. இவ்வுண்மையை உலகம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதையும், அந்தப் பாடத்தில் ஒரு சிறிய இரும்புத் துண்டு பெற்ற இடத்தையும் இங்கே காண்போம்.

பழந்தச்சர்கள் ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொரு மரத்தின் முனையைச் செதுக்கி அதனுள் செலுத்தி, முளையடித்து இறுக்கினார்கள். வலிமையான முறைதான், எனினும் தேர்ந்த கையும் நீண்ட காலமும் அதற்கு வேண்டியிருந்தன. 1830-களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வேறொரு முறை பரவியது. ஆலையில் அறுத்த மெல்லிய சட்டங்களையும் இயந்திரத்தில் செய்த மலிவான ஆணிகளையும் கொண்டு சில நாட்களில் ஒரு வீட்டை எழுப்பிவிடலாயினர். கனமான வீடுகள் இலேசாயின. மூட்டுகள் இருந்த இடத்தை ஆணிகள் பிடித்தன.

இதே நூற்றாண்டில்தான் இரும்புத் தாங்கியும் செல்வாக்குப் பெற்றது. தளத்தைச் சுமக்கும் சிறு உத்தரங்களின் முனையைப் பெரிய உத்தரத்தில் துளைத்துப் பொருத்தினால் பெரிய உத்தரம் நலிவடையும். அதனைத் தவிர்க்க, வளைத்த இரும்புப் பட்டையைப் பெரிய உத்தரத்தின்மேல் மாட்டி, அதன் மடியில் சிறிய உத்தரத்தை உட்காரவைத்தனர். குதிரைச் சேணத்தில் தொங்கும் அங்கவடியைப் போலிருந்தமையால் ஆங்கிலேயத் தச்சர்கள் அதற்கு அப்பெயரையே இட்டனர். பின்னாளில் துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டில் அதே தாங்கி ஆலைகளில் வார்ப்பட அச்சுப்போல் ஒரே அளவில் செய்யப்பட்டு, ஆணித்துளைகளுடன் கடைக்கு வந்தது. ஆயினும் அப்பொழுதும் அதன் வேலை பாரத்தைத் தாங்குவதே. காற்றைப் பற்றிய நினைவு அதில் இல்லை.

காற்று என்ன செய்கிறது? கூரையின்மேல் விரைந்து செல்லும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுப்பு மிகக் கடுமை. ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டாலோ, உள்ளிருந்தும் அது கூரையை உந்துகிறது. மேலும், காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய வீடு 200 கிலோமீட்டர் காற்றையும் தாங்கும் என்று நம்புவதற்கில்லை.

இப்பாடத்தை மிகக் கொடிய விலைக்குக் கற்ற ஊர் ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடியற்காலையில், ‘டிரேசி’ என்னும் புயல் அந்நகரைத் தாக்கியது. பரப்பில் அது மிகச் சிறிய புயல். விமான நிலையத்துக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தபின் பழுதடைந்து நின்றது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. ஏறத்தாழ 47,000 பேர் வாழ்ந்த நகரிலிருந்து 30,000-க்கும் மேற்பட்டோர் வேற்றூர்களுக்கு அனுப்பப்பட்டனர்.

புறநகர்களில் ஒரு விந்தைக் காட்சி தென்பட்டது. அங்குள்ள வீடுகள் பல, உயர்ந்த தூண்களின்மேல் கட்டப்பட்டவை. அவற்றில் கூரையில்லை, சுவரில்லை. தூண்களின்மேல் வெறுந்தளம் மட்டும் மேடைபோல் நின்றது. தூணும் தளமும் ஒன்றையொன்று பற்றி நின்றன. தளமும் சுவரும், சுவரும் கூரையும் அவ்வாறு பற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. சேதத்தை ஆராய்ந்த பொறியியல் அறிஞர் ஜார்ஜ் வாக்கர் மற்றுமொரு காரணத்தையும் கண்டார். காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. விட்டு விட்டு இழுக்கிறது. பல மணி நேரம் இவ்வாறு இழுபட்ட உலோகக் கூரைத் தகடுகள், திருகாணி பொருந்திய இடங்களில் அயர்ந்து கிழிந்தன. கூரை பறந்ததும், அதன் பிடிப்பில் நின்ற சுவர்களும் சாய்ந்தன.

டார்வின் மீண்டும் எழுந்தபோது விதிகள் மாறின. கூரைத் தகடுகளை 10,000 முறை இழுத்துச் சோதிக்க வேண்டும் என்றனர். கூரையிலிருந்து அடித்தளம் வரை எஃகுக் கம்பிகளும் பட்டைகளும் இடையறாது தொடர்ந்து செல்ல வேண்டும் என்றனர். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியளவே அன்றோ! 1977-ல் டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயற்சோதனை நிலையம் ஒன்றும் அமைந்தது.

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதை 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய ‘ஆண்ட்ரூ’ புயல் உணர்த்தியது. அங்கே நல்ல கட்டிட விதிகள் முன்பே இருந்தன. எனினும் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சிதைவுகளைச் சோதித்தபோது, பல கூரைகளில் ஆணிகள் கைமரத்தில் படாமலே இறங்கியிருந்தன. இருக்க வேண்டிய பட்டைகள் சிலவற்றில் இல்லவே இல்லை. விதி ஏட்டில் இருந்தது, வீட்டில் இல்லை. அதன் பின்னரே மேற்பார்வை கடுமையாயிற்று. 2002-ல் மாநிலம் முழுமைக்கும் பொதுவான கட்டிட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டின் கிழக்குக் கரை புயலுக்குப் புதியதன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்தோம். 1999 அக்டோபர் 29-ல் ஒரிசாவில் ஆயிரக்கணக்கானோரை இழந்தோம். இவ்விரண்டிலும் கடல் பொங்கி வந்ததும் பேரழிவுக்குக் காரணம். கடல்நீருக்கு உயர்ந்த இடமும் உரிய நேரத்து எச்சரிக்கையுமே காப்பு. காற்றுக்கோ கட்டுமானமே காப்பு. தாழ்ந்த வீடுகளைப் புயலுக்கு ஏற்பக் கட்டுவதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2004-ல் ஒரு தனி வழிகாட்டியே வெளியிட்டது.

விசாகப்பட்டினத்திலும் புவனேசுவரத்திலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் மக்கள் பலர் சொந்த வீடு கட்டுகிறார்கள். பலர் ஊரிலுள்ள பெற்றோருக்காகக் கடற்கரை மாவட்டங்களில் கட்டித் தருகிறார்கள். கான்கிரீட் தளம் தன் கனத்தாலேயே ஓரளவு நிலைத்து நிற்கும். ஓடும் தகடும் அப்படியல்ல. ஆகவே கொத்தனாரிடமும் தச்சரிடமும் சில வினாக்கள் கேட்டல் நன்று. கைமரத்தைச் சுவரோடு பிணைப்பது எது? சுவரின் உச்சியிலுள்ள கட்டையை அடித்தளத்தோடு பிணைப்பது எது? மரத்தளமாயின், தாங்கியின் துளைகள் அனைத்திலும் உரிய நீளமுள்ள ஆணி இறங்கியுள்ளதா? அந்தத் தாங்கி மேல்நோக்கிய இழுப்பையும் ஏற்கும் வகையில் செய்யப்பட்டதா? உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பூச்சு அதற்கு உண்டா? கீழே பாரம் தாங்கும் என்பதனாலேயே ஒரு தாங்கி புயலையும் தாங்கிவிடாது.

மொத்தச் செலவில் இந்தப் பட்டைகளுக்கும் ஆணிகளுக்கும் ஆகும் பங்கு மிகச் சிறிது. பூச்சு வேலை முடிந்தபின் அவை கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஆதலால், அவை விடுபட்டாலும் எவரும் அறியார். புயல் ஒன்றே அறியும். அது வந்து சோதிக்கும் முன்னர், சுவர் திறந்திருக்கும் நாளிலேயே நாம் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.