பெர்லினில் பிறந்து, டெல்ஃப்டில் கூடி

எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறந்த ஊர் பெர்லின். 1931ல் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் க்னோலும் அவரிடம் ஆராய்ச்சி செய்த எர்ன்ஸ்ட் ருஸ்காவும் காந்தச் சுருள்களையே லென்சாக வைத்து முதல் கருவியைக் கட்டினார்கள். சாதாரண நுண்ணோக்கிக்குப் பிடிபடாத வைரசும் பின்னர் இதில் தெரிந்தது. 1939ல் சீமென்ஸ் கம்பெனி இதை விற்பனைக்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு யுத்தமும் வந்தது.

அப்புறம் அவரவர் நாட்டில் அவரவர் பாடு. ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில், டெல்ஃப்ட் நகரில், லெ பூல் என்பவர் சொந்தமாக ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் 1942லேயே இத்துறைக்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். பிரிட்டனில் 1946ல், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1949ல்.

அந்த 1949ல்தான் டெல்ஃப்டில் பல நாட்டாரும் கூடினார்கள். எலக்ட்ரான் கற்றையால் ஒரு பொருளின் துளிப் பரப்பில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று கண்டறியும் முறையை பிரான்சின் காஸ்டெய்ங் எடுத்துச் சொன்னது இங்கேதான். மறு ஆண்டு பாரிசில் நடந்ததற்கு 'முதலாம் சர்வதேச மாநாடு' என்று பெயர். ஆனால் 1958ல் பெர்லினில் நடந்தது 'நான்காவது'. இடையில் நடந்தது 1954 லண்டன் மாநாடு ஒன்றுதானே, கணக்கு உதைக்கிறதே என்கிறீர்களா? டெல்ஃப்டைப் பிற்பாடு முதலாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்!

மாநாடு போட்டால் மட்டும் போதுமா? நிரந்தரமாக ஓர் அமைப்பு வேண்டும். சர்வதேச விஞ்ஞானச் சங்கங்களின் கவுன்சிலின் கீழ் முதலில் ஒரு கூட்டுக் கமிஷன் இருந்தது. 1950களின் நடுவில் அதுவே சங்கங்களின் கூட்டமைப்பாயிற்று. கேம்பிரிட்ஜின் காஸ்லெட் இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார். இதில் உறுப்பினர் அரசாங்கமல்ல, தனிமனிதருமல்ல. அந்தந்த நாட்டுச் சங்கம். யுத்தத்தில் எதிரெதிரே நின்ற நாடுகள் சீக்கிரமே ஒரே மேசைக்கு வர இந்த ஏற்பாடு உதவியது என்பது என் எண்ணம். யுத்தம் முடிந்த பதின்மூன்றாம் ஆண்டிலேயே மாநாடு பெர்லினுக்குத் திரும்பிவிட்டதே! அப்போது நகரம் இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தது. சுவர் மட்டும் இன்னும் எழவில்லை.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இக்கதையில் ஒரு சொந்தம் உண்டு. மேகநாத் சாஹாவின் ஊக்கத்தில் நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940களின் பிற்பகுதியில் இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இந்த ஊரில்தான் கட்டினார். அக்கருவியைக் கண்டுபிடித்த ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்து சேர்ந்தது 1986ல். அதற்குள் அவருக்கு எழுபத்தொன்பது வயதாகிவிட்டது.